கதவைத் தொடுவதற்கு முன்: புதுப் பார்ட்டிக்கு ஒரு வழிகாட்டி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமுக்கு, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்கு, புதிதாக வருகிற பார்ட்டிகள் (சேர்ந்து சாகசம் போகும் குழுக்கள்) டிராகன் வாயில் விழுந்து சாவது அபூர்வம். இரண்டாவது அறை வாசலில், ஒருவர் "நான் கதவைத் திறக்கறேன்" என்று வாய் விடுகிற நொடியில்தான் பெரும்பாலும் கதை முடிகிறது. மற்ற மூவரும் எங்கே நிற்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. டார்ச் (தீப்பந்தம்) யார் கையில் என்று டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்) கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

முதல் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) ஹெச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, 7 போலத்தான் இருக்கும். ஒரு கோப்ளின் (குட்டிப் பூதம்) வாளை வீசினால் 1டி6+2, அதாவது ஆறு பக்க டைஸ் ஒன்றை உருட்டி 2 கூட்டினால் வருவது, சராசரியாக 5 அல்லது 6 போகும். இரண்டு வெட்டில் ஆள் தரையில். அந்த இரண்டு வெட்டுக்கு நடுவே யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறீர்களா? பார்ட்டியில் ஒழுங்கு என்று சொல்வது இதைத்தான். தலைவர் ஒருவர் அதட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இங்கே வரும் எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளைச் சேர்ந்தவை. அதன் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை.

இடமும் நேரமும்

நான்கு பேர் ஆட, ஒருவர் டிஎம். ஐந்து பேருக்கு மேல் சேர்த்தால் ஒரு சண்டைக்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். புதியவர்களுக்கு அது தாங்காது.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் ஹாலில் பாய் விரித்தால் ஐந்து பேர் உட்காரலாம், ஆனால் டிவியை அணைக்கச் சொல்ல முடியாது. மொட்டை மாடி நல்ல இடம்தான். கடல் காற்றில் கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் எண்களை எழுதும் தாள்) பறக்கும், டைஸ் உருண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். இரண்டுக்கும் வைத்தியம் நம்ம ஏரியாவில் தெருவுக்குத் தெரு இருக்கிற கேரம் போர்டு. நான்கு பக்கமும் கட்டை இருப்பதால் டைஸ் வெளியே ஓடாது. ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம், அதாவது 29 அங்குலம். அங்குலக் கட்டம் போட்ட சார்ட்டை அதில் விரித்து, ஒரு கட்டம் 5 அடி என்று வைத்தால் 145 அடிக்கு 145 அடி நிலவறை கிடைக்கும். மூலைக் குழி நான்கையும் காகிதம் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முக்கியமான டி20 (இருபது பக்க டைஸ்) எல்லாம் அங்கேதான் போய் விழும். பவுடர் போட்ட போர்டாக இருந்தால் நன்றாகத் துடைத்த பிறகே சார்ட்டை விரியுங்கள்.

கேரம் காயினை மினியேச்சராக (பாத்திரம் நிற்கும் இடத்தைக் காட்டும் பொம்மையாக) வைக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அது மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம், அங்குலக் கட்டத்தில் அடங்காது. ஒரு ரூபாய் நாணயம் சரியாக அடங்கும். கட்டம் போட்ட நோட்டும் சார்ட்டும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும்.

நேரத்தைப் பற்றிக் கறாராக இருங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் வேலை, துறைமுகத்தில் நைட் டியூட்டி என்று ஆளுக்கு ஒரு கணக்கு. "ஞாயிறு சாயங்காலம் மூணு மணி நேரம், மூணு பேர் வந்தா ஆட்டம் உண்டு" என்று எழுதிவிடுங்கள். வராதவரின் கேரக்டர் முகாமில் கழுதையைப் பார்த்துக்கொள்ளும், சாகாது, பங்கும் கிடையாது. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிற நண்பர் இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் அவரைத் தொடர்ந்து பிடிக்க முடியும். நீளமான கதையை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

கேரக்டர் எழுதும் முன் பேச வேண்டியவை

முதல் நாள் டைஸைத் தொடாமல் ஒரு மணி நேரம் பேசுங்கள். செஷன் ஜீரோ என்பார்கள். நான்கு கேள்விக்கு விடை வேண்டும்.

பார்ட்டி ஆளிடமே திருடலாமா, அடிக்கலாமா? புதியவர்களுக்கு எங்கள் பதில்: கூடாது. இரண்டாவது, எந்தக் காட்சி யாருக்குப் பிடிக்காது? குழந்தைகளுக்குக் கொடுமை, பாலியல் வன்முறை போன்றவற்றை ஆட்டத்திலேயே கொண்டுவர மாட்டோம் என்று எழுதி வையுங்கள். நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டையும் இருக்கட்டும். யாராவது அதைத் தொட்டால் டிஎம் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிட வேண்டும். மூன்றாவது, இந்த நான்கு கேரக்டர்களும் ஏன் சேர்ந்து போகிறார்கள்? ஒரே கடன்காரனுக்குப் பயந்து என்றாலும் போதும். நான்காவது, போன். தன் டர்ன் வரும்போது ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு முறை சொல்வோம், இரண்டாம் முறை அவர் கேரக்டர் அந்த டர்னில் டாட்ஜ் (அடிக்காமல் தற்காத்துக்கொள்வது) செய்ததாக எடுத்துக்கொள்வோம். இதை முன்பே சொல்லிவிட்டால் கோபம் வராது.

இந்தப் பேச்சில் ஒருவர், "என் கேரக்டர் தனிமையில இருக்கறவன், யாரையும் நம்பமாட்டான்" என்பார். கட்டாயம் ஒருவர் சொல்வார். அந்தக் கேரக்டரை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். "நம்பாதவன்தான், ஆனா இந்த மூணு பேர்ல ஒருத்தருக்கு உயிர்க்கடன் பட்டிருக்கான், யாருக்கு?" என்று கேட்டு விடை வாங்கிய பிறகு ஷீட்டை எழுதச் சொல்லுங்கள்.

நான்கு வேலை

1974இல் இந்த விளையாட்டு வெளிவந்த காலத்தில் ஒரு மேசையில் பத்துப் பேர்கூட உட்கார்ந்து ஆடுவார்கள். ஆளுக்கு ஒன்று கத்தினால் டிஎம் என்ன செய்வார்? அதனால் பார்ட்டி சார்பில் பேச ஒரு காலர், வரைபடம் போட ஒரு மேப்பர் என்று வைத்தார்கள். 1981 பேசிக் விதிப்புத்தகத்திலும் இந்த இருவர் உண்டு. இன்றைய புத்தகங்களில் காலரைக் காணோம். புதியவர்களுக்கு அது நஷ்டம் என்பது எங்கள் கருத்து.

காலர் முடிவெடுப்பவர் இல்லை. நான்கு பேர் சொல்வதையும் கேட்டு, ஒரே வாக்கியமாக டிஎம்மிடம் சொல்பவர். யாராவது பதில் சொல்லாமல் இழுத்தால் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, "சரி, அவர் பின்னாடி நிக்கறார்" என்று முடித்துவிடலாம். சண்டை ஆரம்பித்ததும் காலர் வேலை நின்றுவிடும், அங்கே அவரவர் டர்ன் அவரவர்க்கு. வாரா வாரம் ஆளை மாற்றுங்கள். நிறையப் பேசுகிறவருக்கே நிரந்தரமாகக் கொடுத்தால் மற்ற மூவரும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவரிடம் இரண்டாவது வாரமே கொடுத்துப் பாருங்கள்.

மேப்பர் அழகாக வரைய வேண்டியதில்லை. அறைக்கு ஒரு சதுரம், வழிக்கு ஒரு கோடு, வந்த வாசலுக்கு ஒரு அம்புக்குறி போதும். ஓடும்போது தேவைப்படுவது அந்த அம்புக்குறிதான்.

மூன்றாமவர் சாமான் கணக்கு. கயிறு, சாப்பாடு, தண்ணீர், மருந்து யாரிடம் எவ்வளவு என்பது ஒரே தாளில் இருக்க வேண்டும். 50 அடி சணல் கயிறு 10 பவுண்டு, ஒரு நாள் சாப்பாடு 2 பவுண்டு, நிரம்பிய தண்ணீர்ப் பை 5 பவுண்டு. ஸ்ட்ரெங்த் (உடல்வலு) எண்ணை 15ஆல் பெருக்கினால் ஒருவர் சுமக்கக்கூடிய பவுண்டு வரும்.

நான்காமவர் நேரமும் வெளிச்சமும். ஒரு டார்ச் ஒரு மணி நேரம் எரியும். 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கு மேல் 20 அடிக்கு மங்கல். டிஎம் "பத்து நிமிஷம் ஆச்சு" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு கிழிக்க வேண்டும், ஆறாவது கோட்டில் டார்ச் அணையும். இருட்டில் பார்க்கும் எல்ஃப்புக்கும் டுவார்ஃபுக்கும் இது தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். முழு இருட்டு அவர்களுடைய டார்க்விஷனுக்கு (இருட்டுப் பார்வைக்கு) மங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும், பாசிவ் பர்செப்ஷனில் (தேடாமலே கண்ணில் படுவதை அளக்கும் எண்ணில்) 5 குறையும். தரையில் உள்ள பொறிக் கம்பி தெரியாமல் போவது அப்படித்தான்.

நடை வரிசை

5 அடி அகல வழியில் ஒருவர் பின் ஒருவராக, 10 அடி அகலத்தில் இரண்டிரண்டு பேராக. இரண்டுக்கும் தனித்தனியே நாணயத்தை அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு "நான் பின்னாடிதான் இருந்தேன்" என்ற பேச்சே வராது.

முன்னால் ஏசி (ஆர்மர் கிளாஸ், அடி படாமல் காக்கும் எண்) அதிகம் உள்ளவர். கடைசியில் அடுத்து ஏசி அதிகம் உள்ளவர், பெரும்பாலும் கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி). நடுவில் விசார்ட். டார்ச் இரண்டாவது ஆள் கையில். முதல் ஆளுக்கு ஒரு கையில் கேடயம், ஒரு கையில் வாள், டார்ச்சுக்கு மூன்றாவது கை கிடையாது. இதை மறந்து, பாதிச் சண்டையில் டிஎம் கேட்ட பிறகு விழிப்பது வாராவாரம் நடக்கிற கூத்து.

வேவு பார்க்க ரோக் (பூட்டும் பொறியும் தெரிந்த திருட்டுக் கை) முன்னால் போகலாம், ஆனால் 60 அடிக்கு மேல் போகக் கூடாது. சாதாரண வேகம் 30 அடி, டாஷ் (அடிக்காமல் ஓடுவது மட்டும்) செய்தால் 60. அந்த எல்லைக்குள் இருந்தால் ஃபைட்டர் (போர்வீரர்) ஒரே டர்னில் போய்ச் சேருவார். 90 அடி தள்ளி மாட்டினால் ரோக் இரண்டு ரவுண்டு (எல்லோருக்கும் ஒரு டர்ன் வந்தால் ஒரு ரவுண்டு) தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். முதல் லெவலில் அது நடக்காது.

கதவு

இதை மட்டும் நிதானமாகப் பழகுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

கதவுக்கு 10 அடி முன்பே எல்லோரும் நிற்க வேண்டும். ரோக் மட்டும் போய் முதலில் காது வைத்துக் கேட்பார், பிறகு பொறி இருக்கிறதா என்று பார்ப்பார், கடைசியாகப் பூட்டு. ஒருவர் தேடும்போது "நானும் பாக்கறேன், நானும் பாக்கறேன்" என்று நான்கு பேரும் டைஸ் உருட்டக் கூடாது. ஒருவர் உதவி செய்தால் ரோக்குக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். இரண்டு டி20 போட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். மற்ற இருவரும் திரும்பி வந்த வழியைப் பார்த்து நிற்கட்டும்.

மேசையில் அது இப்படி இருக்கும்:

"கதவுக்குக் கீழ ஒரு விரல் சந்து. உள்ள மஞ்சளா வெளிச்சம் ஆடுது," என்கிறார் டிஎம்.

"காது வெச்சுக் கேக்கறேன். பதினாலு."

"ரெண்டு குரல். எலும்பு யாருக்குன்னு சண்டை."

விசார்ட் ஆடுபவர் துள்ளுகிறார்: "மச்சி, ரெண்டே பேருதான்டா. உள்ள போலாம்!"

"இருபா," என்கிறார் காலர். "கேட்டது ரெண்டு. தூங்கறவன் பேசமாட்டான். டார்ச் யார் கைல?"

"என் கைல. நாலு கோடு ஆயிடுச்சு, இன்னும் இருபது நிமிஷம்," என்கிறார் கிளெரிக்.

"பின்னாடி மறைச்சுக்கோ, சந்து வழியா வெளிச்சம் போவுது. ஃபைட்டர் கீல் பக்கம், கேடயத்தோட. ரோக் தாழ்ப்பாளை எடுத்துட்டு ஓரமா போயிடணும். விசார்ட், நீ இருபது அடி பின்னாடி, வாசலுக்கு நேரா நிக்காதே. ஓட்டம்னா படிக்கட்டு. எல்லாருக்கும் சரியா?"

மூன்று "சரி" வந்த பிறகே காலர் டிஎம்மைப் பார்க்கிறார்: "திறக்கறோம்."

மொத்தம் நாற்பது வினாடி. வாசலுக்கு நேராக நிற்காதே என்பது ஏன்? கதவு திறந்ததும் உள்ளே இருக்கும் வில்லாளி கண்ணுக்கு முதலில் படுவது நேர்க்கோட்டில் நிற்பவர். கேரம் ஆடுகிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: ரெட் போட்டால் ஃபாலோ போட வேண்டும். ஃபாலோவுக்குக் காயின் பார்த்து வைக்காமல் ரெட்டைத் தொடுகிறவரை கிளப்பில் என்ன சொல்வார்களோ, பின்னால் ஆள் நிற்கிறதா என்று பார்க்காமல் கதவைத் திறக்கிற ரோக்கையும் அதையே சொல்லலாம்.

சண்டையிலும் ஓட்டத்திலும்

உங்களுக்கு முந்தையவர் டைஸ் எடுக்கும்போதே உங்கள் முடிவு தயாராக இருக்க வேண்டும். ஐந்தாவது லெவலில் விசார்டுக்கு ஃபயர்பால் வரும்: மையத்திலிருந்து 20 அடி, 8டி6, உள்ளே இருப்பவர் நண்பரா எதிரியா என்று நெருப்பு கேட்காது. "போடறேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டம் எண்ணுவது குற்றம். எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

ஹெச்பி பூஜ்யமானவர் ஒவ்வொரு டர்னும் டி20 போடுவார். 10 அல்லது அதற்கு மேல் என்றால் வெற்றி, கீழே என்றால் தோல்வி. மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்வி. கீழே கிடப்பவரை 5 அடிக்குள் நின்று எதிரி அடித்து அது பட்டாலும் இரண்டு தோல்வி. ஆக, "அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்" என்பது ஒரு முறைதான் செல்லும். ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) 50 பொன், 2டி4+2 கொடுக்கும். அதைக் கிளெரிக்கிடமே மொத்தமாகக் கொடுத்து வைப்பது புதியவர்கள் செய்யும் தவறு, முதலில் விழுவது கிளெரிக்காகவும் இருக்கலாம். இரண்டு பேரிடம் பிரித்து வைத்து, எந்தப் பையில் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 2014 விதியில் போஷன் கொடுக்க அந்த டர்னின் முக்கியச் செயலான ஒரு ஆக்‌ஷன் முழுதாகப் போகும், 2024 திருத்தத்தில் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். எதை ஆடுகிறீர்கள் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

ஓடுவதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். யார் அதைச் சொன்னாலும் விவாதம் கிடையாது. எப்போது சொல்வது? முதல் ஆள் விழுந்தும் எதிரியில் பாதி நின்றுகொண்டிருந்தால். ஆனால் வெறுமனே ஓடினால் பயனில்லை. கோப்ளின் வேகம் 30 அடி, உங்கள் வேகமும் 30, டுவார்ஃபுக்கு 25தான். பின்னால் எதையாவது போட்டுவிட்டு ஓட வேண்டும்: கதவைச் சாத்தி ஆப்பு வைப்பது, எண்ணெய் ஊற்றுவது, கால்ட்ராப் முள் இறைப்பது. 20 முள் கொண்ட ஒரு பை ஒரு பொன், ஒரு கட்டத்தை அடைக்கும், 5 அடி வழிக்கு அதுவே போதும். டுவார்ஃப் முதலில் கிளம்ப வேண்டும், வீரம் பேசிக் கடைசியில் நிற்கக் கூடாது.

இரவுக் காவல்

லாங் ரெஸ்ட் (முழு இரவு ஓய்வு) 8 மணி நேரம். அதில் 6 மணி தூக்கம், மிச்சம் 2 மணி வரை காவல் இருக்கலாம். நான்கு பேர், ஆளுக்கு 2 மணி, கணக்கு நேர். ஃபைட்டருக்கு முதல் காவலோ கடைசிக் காவலோ கொடுங்கள். கனமான கவசம் மாட்ட 10 நிமிடம் ஆகும், நடு இரவில் எழுந்து மாட்டிக் கழற்றிக்கொண்டிருப்பது வீண்.

ஒருவர் வராத வாரம்தான் சிக்கல். மூன்று பேர், ஆளுக்கு 2 என்றால் 6 மணிதான் ஆகிறது, 2 மணி காவலே இல்லை. முகாமை 10 மணி நேரமாக நீட்டினால் சரியாக வரும். முதல் 2 மணி மூன்றாமவர் காவல், அவர் ரெஸ்ட் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த 2 முதலாமவர், அடுத்த 2 இரண்டாமவர், பிறகு 2 மணி மறுபடி மூன்றாமவர். 8 மணியோடு முதலாமவர் ரெஸ்ட் முடிந்துவிடும், அவர் எழுந்து கடைசி 2 மணியைப் பார்த்துக்கொள்ள, மூன்றாமவர் மிச்சத் தூக்கத்தை முடிப்பார். மூவருக்கும் 6 மணி தூக்கம் கிடைத்திருக்கும். சந்தேகம் இருந்தால் தாளில் போட்டுப் பாருங்கள்.

பங்கு

காசிமேட்டில் படகு கரைக்கு வந்ததும் பிடித்ததை அப்படியே பிரிக்க மாட்டார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு போடுவார்கள். பார்ட்டிக்கும் அதே வழி. 320 பொன் கிடைத்தது என்று வையுங்கள். குடித்த போஷன் ஒன்று 50, கயிறு, சாப்பாடு, மற்றவை 20. மிச்சம் 250. நான்கு பேருக்கு நான்கு பங்கு, பொதுப்பைக்கு ஒன்று, ஆக பங்குக்கு 50. செலவைக் கழிக்காமல் பிரித்தால் போஷனை எல்லோருக்காகவும் வாங்கி வைப்பவர் மட்டும் ஏழையாவார். மூன்றாவது வாரம் அவர் வாங்குவதை நிறுத்துவார், நான்காவது வாரம் யாராவது சாவார்.

எதை எடுப்பது என்பதும் கணக்குத்தான். 50 காசு ஒரு பவுண்டு எடை. 2000 செப்புக்காசு 40 பவுண்டு, மதிப்பு வெறும் 20 பொன். விட்டுவிட்டு வாருங்கள்.

மந்திரப் பொருளுக்கு நான்கு பெயரும் எழுதிய பட்டியல் ஒன்று போதும். முதல் பெயருக்கு முதல் உரிமை, எடுத்ததும் பெயர் அடிக்குப் போகும். வேண்டாம் என்றால் இடம் அப்படியே இருக்கும். அட்யூன்மென்ட் (ஒருவர் அந்தப் பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொள்வது) தேவைப்படும் பொருள் ஒருவருக்கு மூன்றுதான் செல்லும் என்பதால் பேராசைக்கு விதியே எல்லை போட்டிருக்கிறது.

மீறினால்

ரோக் ஆடுபவர் பொதுப்பையில் கை வைக்கிறார், கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்ணா" என்கிறார். டிஎம் உடனே ரோக்கின் தலையில் கல்லைப் போடத் துடிப்பார். போடாதீர்கள். ஆளுடைய நடத்தைக்குக் கேரக்டரைத் தண்டித்தால் அவர் அதைக் கதை என்று நினைத்து இன்னும் உற்சாகமாகத் திருடுவார். ஆட்டத்தை நிறுத்தி டீ சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம், மாடிப்படியில் தனியாகக் கேளுங்கள்: "முதல் நாள் என்ன பேசினோம்? இது மத்தவங்களுக்குப் பிடிக்கல. வேற எப்படி இந்தக் கேரக்டரைத் திருட்டுப் பயலா காட்டலாம், சொல்லு." வெளியூர் வியாபாரியிடம் திருடட்டும், பார்ட்டிக்கே லாபம். அதற்கும் ஒத்துவராதவரை அடுத்த வாரம் கூப்பிட வேண்டாம், சினிமாவுக்குக் கூப்பிடுங்கள்.

தெரியாமல் செய்த தவறு வேறு. தவறிப்போய் ஃபயர்பாலில் நண்பரைச் சுட்டவரை வாரக்கணக்கில் கிண்டல் செய்தால், அடுத்த முறை போட வேண்டிய இடத்திலும் போட மாட்டார்.

கடைசிப் பத்து நிமிடம்

ஒருவர் மெட்ரோவுக்கு ஓடுவார், ஒருவரை வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அதற்கு முன் நோட்டில் எழுத வேண்டியது: எந்த அறையில் நிறுத்தினோம், ஆளுக்கு ஹெச்பி எவ்வளவு, எந்த ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) மிச்சம், டார்ச்சில் எத்தனை கோடு, கயிறு யாரிடம், அடுத்த வாரம் காலர் யார். எழுதியதை உரக்கப் படித்து, போனில் படம் எடுத்துக் குரூப்பில் போடுங்கள். நோட்டு டிஎம் வீட்டில் இருக்கட்டும். கேரம் போர்டைக் கிளப்பில் திருப்பிக் கொடுக்கும்போது மூலைக் குழியில் அடைத்த காகிதத்தை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.